நட்சத்திர ஓட்டல் சாப்பாடும் ஓமந்தூர்க் களத்துமேடும்

வெள்ளிபோல் மின்னும் தட்டு. அதற்குள் தட்டின் அளவுக்கே நறுக்கிப் போட்ட வாழை இலை. சுற்றிலும் சிறு சிறு கிண்ணங்கள். சாப்பாடு வருவதற்கு முன்பாகவே உள்ளங்கை அகலத்தில் வாழைப்பழ தோசை, தொட்டுக்கொள்ள வரிசையாகப் பல சட்னிகள். ஒரு தள்ளுவண்டியை மேசை அருகே நிறுத்திக் கண்ணெதிரே பலகாரம் சுட்டுத் தருவார்கள். சென்னை டி.டி.கே. சாலையில் இருந்த பார்க் ஷெரட்டன் ஓட்டலில் 1989ஆம் ஆண்டு துவக்கப்பட்ட ‘தக்ஷிண்’ என்னும் உணவகத்தில் விருந்தினரை உபசரித்த முறை இது.

அந்தக் காலத்தில் பெரிய ஓட்டல் என்றால் பெரும்பாலும் வடநாட்டு ரொட்டியும் மேல்நாட்டு சூப்பும்தான் மதிப்பான சாப்பாடு. இட்லியும் சாம்பாரும் காலைப் பலகாரத்தோடு நின்றுவிடும். குழம்பும் ரசமும் பொரியலும் பரிமாறி, அதற்கு நட்சத்திர ஓட்டல் விலையும் வாங்க முடியும் என்று காட்டிய இடங்களில் தக்ஷிண் முக்கியமானது. தமிழகம், ஆந்திரம், கர்நாடகம், கேரளம் ஆகிய நான்கு பகுதிச் சமையலும் அங்கே உண்டு. அதன் சமையற்கலைஞர் பிரவீண் ஆனந்த், பழைய வீட்டுச் சமையல் முறைகளைத் தேடித் திரட்டுவதற்கென்றே பல ஆண்டுகள் செலவிட்டவர். அதே சென்னையில் கன்னிமாரா ஓட்டலின் ‘ரெயின்ட்ரீ’ செட்டிநாட்டுச் சமையலுக்கும், தாஜ் கோரமண்டல் ஓட்டலின் ‘சதர்ன் ஸ்பைஸ்’ தென்னாட்டுச் சமையலுக்கும் பெயர் வாங்கின. புதுச்சேரி பெருமாள் கோயில் தெருவில் பழைய தமிழ் வீடொன்றைச் செப்பனிட்டு ‘மேசோன் பெருமாள்’ என்று ஓட்டலாக்கி, அந்த ஊர்ச் சமையலையே பரிமாறுகிறார்கள்.

இதனால் ஓமந்தூர் விவசாயிக்கு என்ன?

ஓமந்தூர் என்ற பெயர் சென்னைவாசிகளுக்குப் புதிதல்ல. அவ்வூர் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியாரின் நினைவாகத்தான் அண்ணா சாலையிலுள்ள அரசினர் தோட்டம் ஓமந்தூரார் தோட்டம் என்று வழங்குகிறது. அங்கிருந்து அதே சாலையில் சற்றுத் தள்ளிப் போனால் கன்னிமாரா ஓட்டல் வந்துவிடும். ஊரின் பெயர் ஓட்டல் வாசல் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. ஊரின் விளைச்சல் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

இலையில் இருப்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். சோறு, உளுந்து சேர்ந்த தோசையும் வடையும், தாளிக்க நல்லெண்ணெய், பொரிக்கக் கடலெண்ணெய், மல்லாட்டைச் சட்னி, கறிவேப்பிலை, கீரை, முருங்கைக்காய், கடைசியில் தயிர். இலையோ வாழை. உப்பு வேண்டுமானால் மரக்காணத்து உப்பளங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆக, திண்டிவனம் வட்டாரத்தில் விளையாத பொருள் அந்த இலையில் சொற்பமே. ஆனால் ஓட்டலுக்கு அப்பொருள்கள் போய்ச் சேரும் வழி வேறு. விவசாயி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ வியாபாரியிடமோ மூட்டையைப் போடுகிறார். அங்கே நூறு பேர் சரக்கு ஒன்றாகக் கலக்கிறது. கோயம்பேட்டிலும் மொத்தக் கடைகளிலும் மேலும் கலக்கிறது. நன்றாகக் காயவைத்தவர் காயும், ஈரத்தோடு கட்டியவர் காயும் ஒரே குவியல். நன்றாகச் செய்தவருக்கு அதற்கான காசு கிடைப்பதில்லை.

ஒரு கணக்குப் போடலாம். நட்சத்திர ஓட்டலில் ஒருவர் சாப்பாடு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஓட்டல்களில் உணவுக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வரி. சாதாரண ஓட்டலில் இது 5 சதவிகிதம்தான். எனவே வரி மட்டும் 360 ரூபாய். அந்தச் சாப்பாட்டுக்கு 150 கிராம் அரிசி செலவாகும். கிலோ 80 ரூபாய் என்றால் 12 ரூபாய். எண்ணெய் 40 கிராம்; கிலோ 300 ரூபாய் என்றால் அதுவும் 12 ரூபாய்.

இதைக் கண்டு வயிறெரிவதில் பயனில்லை. குளிர்சாதனம், சம்பளம், காலியாகக் கிடக்கும் மேசை, வீணாகும் உணவு எல்லாவற்றையும் அந்த 2,000 ரூபாய்தான் தாங்க வேண்டும். கவனிக்க வேண்டியது வேறொன்று. அரிசிக்கு இரட்டை விலை கொடுத்தாலும் ஓட்டலுக்குக் கூடுதல் செலவு ஓர் இலைக்கு 12 ரூபாய்தான். நூற்றுக்கு ஒரு ரூபாய் கூட இல்லை. ஆகவே கூடுதல் விலை கொடுப்பது அவர்களுக்குப் பெரிய பாரமல்ல. போன வாரம் வந்த சரக்கும் இந்த வாரம் வந்த சரக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கவலை. ஒருநாள் சட்னி கசந்தால், ஒருநாள் சோற்றில் கல் கடித்தால், அந்த விருந்தாளி மறுபடி வரமாட்டார். சிறு விவசாயி ஓட்டலுக்கு விற்கக்கூடியது இந்த உறுதியைத்தான். அது களத்துமேட்டில் உண்டாவது.

மல்லாட்டையில் மறைந்திருக்கும் விஷம்

முதலில் மல்லாட்டையையே எடுத்துக்கொள்ளலாம். டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை, எள் இரகங்கள் எல்லாம் திண்டிவனத்தின் பெயரைத் தாங்கியவை. எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தைக் காலடியில் வைத்திருக்கும் வட்டாரம் இது. ஆனாலும் பெரிய ஓட்டல்களும் ஏற்றுமதியாளர்களும் கடலையை வாங்கும்போது முதலில் கேட்பது இரகத்தையல்ல. அஃப்ளாடாக்சின் எவ்வளவு என்பதைத்தான்.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடித்து உண்டான விஷமே காரணம் என்று தெரிந்தது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் அந்தப் பூசணத்தின் பெயரை ஒட்டித்தான் விஷத்துக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது. இது ஈரலைக் கெடுப்பது. புற்றுநோயை உண்டாக்க வல்லது. வறுத்தாலும் பொரித்தாலும் முழுவதும் அழிவதில்லை. பதப்படுத்துவதற்கான கடலையில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. நேரடியாகத் தின்னும் கடலைக்கு ஐரோப்பிய நாடுகளில் 4 மைக்ரோகிராம்தான் வரம்பு.

மக்கள் இப்போது மரச்செக்கு எண்ணெயை விரும்பிக் கேட்கிறார்கள். பெரிய ஓட்டல்களும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஆலையில் சுத்திகரிக்கும்போது இந்த விஷம் பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் ஆட்டி அப்படியே தெளியவைத்த எண்ணெயில் அந்தச் சுத்திகரிப்பு இல்லை. எனவே செக்கு எண்ணெய் விற்க நினைப்பவர் ஆலைக்கு விற்பவரைக் காட்டிலும் பருப்பில் அதிகக் கவனம் செலுத்த வேண்டும். ‘இயற்கை’ என்று சீட்டு ஒட்டிவிட்டால் பூசணம் ஓடிவிடாது.

பூசணம் பெரும்பாலும் வயலிலேயே புகுந்துவிடுகிறது. அறுவடைக்கு முந்தைய மூன்று, நான்கு வாரங்களில் மண் காய்ந்து சூடேறினால் காயின் ஓடு வெடித்து, மண்ணிலுள்ள பூசணம் உள்ளே நுழைகிறது. அந்தத் தறுவாயில் ஒரு தண்ணீர் கட்ட முடிந்தால் விளைச்சலோடு தரமும் தப்பும். விதைக்கும்போது கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதை நேர்த்தி செய்வதும், 40 முதல் 45ஆம் நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பதும் பலருக்கும் தெரிந்தவையே. ஜிப்சத்தைக் காய் திரட்சிக்கு என்று மட்டும் நினைக்கிறார்கள். சுண்ணாம்புச் சத்துக் கிடைத்த காயின் ஓடு உறுதியாகி, பூசணம் நுழைவதும் குறைகிறது.

காயின் ஓட்டை உடைத்துப் பார்த்து, உட்புறம் பழுப்பேறிய காய்கள் நூற்றுக்கு 75, 80 ஆனதும் பிடுங்கிவிட வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று பத்து நாள் தள்ளினால் காய் மண்ணிலேயே தங்குவதோடு பூசணத்துக்கும் வசதியாகிறது. பிடுங்கிய செடியைக் குவித்துப் போடாமல், காய் மேலே தெரியும்படி கவிழ்த்து வரிசையாக உலர விடுவது நலம். கொத்துவெட்டில் அடிபட்ட காயையும் கருத்த காயையும் களத்திலேயே தனியாகப் பிரித்துவிட வேண்டும். காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும். ஈரம் 8 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் கெடுத்துக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. இயந்திரத்தில் உடைக்கும்போது பருப்பு இரண்டாகப் பிளக்காமல் இருக்கக் காய்மீது தண்ணீர் தெளிக்கிறார்கள். எடையும் சற்றுக் கூடுகிறது. அந்தப் பருப்பைக் காயவைக்காமல் மூட்டை பிடித்தால் சில நாட்களில் பூசணம் பரவிவிடும். இந்தப் பழக்கம் ஒன்றை விட்டாலே பாதி வேலை முடிந்தது எனலாம். ஓட்டலுக்கோ செக்குக்கோ கொடுக்கும் சரக்கைக் காயாகவே வைத்திருந்து, தேவைப்படும்போது தண்ணீர் தெளிக்காமல் உடைத்து, சுருங்கியதும் நிறம் மாறியதுமான பருப்பைப் பொறுக்கி நீக்கிக் கொடுக்க வேண்டும். விஷத்தின் பெரும்பகுதி அந்தச் சொத்தைப் பருப்பில்தான் இருக்கிறது. பெண்கள் உட்கார்ந்து பொறுக்கும் கூலியை விலையில் சேர்த்துக் கேட்பதில் தவறில்லை.

பொறுக்கி நீக்கிய சொத்தையை என்ன செய்வது? ‘மாட்டுக்குப் போடலாம்’ என்று தோன்றும். போடக்கூடாது. பூசணம் பிடித்த கடலையையோ அதன் பிண்ணாக்கையோ தின்ற கறவை மாட்டின் பாலில் அந்த விஷம் வேறு உருவில் இறங்குகிறது. பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான் அனுமதி. ஓட்டல் சாப்பாட்டின் கடைசியில் வரும் தயிர் இருக்கட்டும். வீட்டுப் பிள்ளைகள் குடிப்பதும் அதே பால்தான்.

உளுந்தும் இலையும்

உளுந்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. தோசை, இட்லி, வடை மூன்றுக்கும் ஓட்டல்காரர் பார்ப்பது மாவு பொங்குவதை. ஒரே இரகம், ஒரே பட்டத்து உளுந்து என்றால் தண்ணீரும் நேரமும் மாறாமல் ஆட்டலாம். பழைய உளுந்தும் புதிய உளுந்தும் கலந்துவிட்டால் ஒருநாள் பொங்கும், ஒருநாள் பொங்காது. எனவே வம்பன் உளுந்தோ ஆடுதுறை உளுந்தோ, சேர்ந்து விற்க நினைப்போர் ஓர் இரகத்தையே விதைக்க வேண்டும். மழையில் நனைந்து கறுத்த நெற்றைத் தனியே அடிக்க வேண்டும். பயறு வண்டு கிடங்கில்தான் பிறக்கிறது என்பது தவறான எண்ணம். வயலில் நெற்று முற்றும்போதே முட்டையிட்டுவிடுகிறது. பல்லால் கடித்தால் ‘கடக்’ என்று உடையும் அளவுக்குக் காயவைத்து, காற்றுப் புகாமல் வைக்க வேண்டும். வண்டு நடமாட்டத்தைக் கண்டுகொள்ளத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறியை மூட்டைக்குள் செருகி வைத்தால், கண்ணுக்குத் தெரியுமுன்பே வண்டு குழாயில் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வாழை இலைக்கு வருவோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்கள் தடை செய்யப்பட்டன. மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அதில் அடக்கம். அதன் பின் இலைக்கு மவுசு கூடியது. இலைக்கென்றே பயிரிடப் பூவன் நன்கு உகந்தது. இலை மெல்லியது, மடித்தால் சட்டென்று கிழியாது. மொந்தனும் வைப்பதுண்டு.

ஒரே வாழையில் இலையும் தாரும் எதிர்பார்ப்பதுதான் பலர் செய்யும் பிழை. குலை தள்ளும்போது 10, 12 நல்ல இலைகள் மரத்தில் இருந்தால்தான் தார் திரளும். வாரந்தோறும் இலையை அறுத்துவிட்டுத் தார் சிறுத்துவிட்டது என்று வருந்துவதில் அர்த்தமில்லை. இலைக்கு என்றால் இலைக்கே. நெருக்கி நட்டு, கட்டைக் கன்றுகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம். இலையின் முதல் எதிரி காற்று. நாலு பக்கமும் அகத்தியோ சவுக்கோ அடர்த்தியாக வைப்பது அவசியம். வெயில் ஏறுமுன் அறுத்து, நிழலில் போட்டு, தண்ணீர் தெளித்து, வாழைச் சருகாலும் மட்டையாலும் பொதிந்து கட்ட வேண்டும். நுனி இலை தனி, ஏடு தனி. கட்டின் நடுவில் கிழிந்த இலையைச் செருகி எண்ணிக்கை காட்டுபவர்களை ஓட்டல்காரர் மறப்பதில்லை.

வாழை தண்ணீர் குடிக்கும் பயிர். கிணற்றில் கோடையிலும் நிச்சயமாகத் தண்ணீர் நிற்கும் என்றால் பத்து, இருபது சென்டில் தொடங்கலாம். ஒரு காணி முழுவதும் இலை வாழை வைக்க யாரும் துணியவேண்டாம்.

கறிவேப்பிலைக்கும் கீரைக்கும் ஒரு வார்த்தை. இவற்றில் மருந்தின் மிச்சம் இருக்கிறதா என்று இப்போது சோதிக்கிறார்கள். மருந்து அடித்த தேதியையும் பறித்த தேதியையும் எழுதி வைக்காதவரிடம் இனிமேல் பெரிய இடத்தார் வாங்கமாட்டார்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் குறித்தாலும் போதும்.

அமெரிக்கத் தென்னாட்டு நெல்லின் கதை

நம் பாரம்பரிய நெல்லுக்கு ஓட்டல்களில் இடம் உண்டா என்று பலர் கேட்பதுண்டு. இதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கேயும் ‘தென்னாட்டுச் சமையல்’ என்று ஒன்று உண்டு. தெற்கு மாநிலமான தென் கரோலினாவில் ஒரு காலத்தில் ‘கரோலினா கோல்டு’ என்ற நெல் பெரும்புகழ் பெற்றிருந்தது. அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் உழைப்பில் விளைந்த நெல் அது. பின்னர் அந்தச் சாகுபடி அழிந்துபோயிற்று. 1980களில் ஜார்ஜியா மாநிலத்துக் கண் மருத்துவர் ஒருவர் அரசாங்க விதைச் சேமிப்பிலிருந்து அந்நெல்லைப் பெற்று மீண்டும் பயிரிட்டார். 1998இல் கிளென் ராபர்ட்ஸ் என்பவர் ‘ஆன்சன் மில்ஸ்’ என்னும் ஆலையைத் தொடங்கி, பழைய நெல்லையும் சோளத்தையும் விளைவிக்கச் செய்து, அரைத்து, பெரிய சமையற்கலைஞர்களுக்கு நேரடியாக விற்றார். 2010இல் சார்ல்ஸ்டன் நகரில் திறக்கப்பட்ட ‘ஹஸ்க்’ என்ற உணவகமோ, தென்னாட்டில் விளையாத பொருளை உள்ளே விடுவதில்லை என்ற விதியோடு தொடங்கி, பொருள் கொடுப்பவர்களின் பெயரை வாசலில் பலகையில் எழுதி வைத்தது. நெல் பிழைத்ததற்கு அந்தச் சாப்பாட்டு மேசைகளும் ஒரு காரணம்.

இங்கே நெல் ஜெயராமன் போன்றோர் (2018இல் காலமானார்) அரும்பாடுபட்டுத் திரட்டிய இரகங்கள் விவசாயிகள் கைக்கு வந்துவிட்டன. சீரகச் சம்பா பிரியாணிக்கும், கறுப்புக் கவுனி செட்டிநாட்டு இனிப்புக்கும், கிச்சிலிச் சம்பாவும் தூயமல்லியும் சோற்றுக்கும் கேட்கப்படுகின்றன. ஆனால் கரோலினாக் கதையில் மறக்கக்கூடாத ஒன்று, நடுவில் ஓர் ஆலைக்காரர் இருந்தது. நெல்லாக எந்த ஓட்டலும் வாங்காது. கல், குருணை நீக்கி, ஒரே பதமாக அரைத்து, வண்டு வராமல் கட்டிக் கொடுத்தால்தான் வாங்கும். இந்த இரகங்கள் உயர்ந்து வளர்ந்து சாயும், விளைச்சலும் குறைவு. எனவே அரிசியாக விற்க வழி செய்துகொண்ட பின்னரே பரப்பைக் கூட்டுவது உசிதம்.

பத்துப் பேர், ஒரு நோட்டு

ஒரு காணி, இரண்டு காணி வைத்திருப்பவர் தனியாக ஓட்டல் வாசலில் நின்றால் காரியம் ஆகாது. ஓட்டலுக்கு வாரந்தோறும் சிறிது சிறிதாக, ஆண்டு முழுவதும் வேண்டும். அவருக்கோ விளைவது ஒரு பட்டம். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஓர் இரகம், ஒரே பக்குவம் என்று பேசிக்கொண்டு, விதைத்த தேதி, மருந்தடித்த தேதி, அறுவடை, காயவைத்த நாட்கள் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி வந்தால் அதுவே பெரிய மூலதனம். ஏற்கனவே இருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேர்ந்துகொண்டால் இன்னும் வசதி. எண்ணெய், மாவு, அரிசி என்று பதப்படுத்தி விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ பெற வேண்டும். அஃப்ளாடாக்சின் சோதனையை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் மொத்தச் சரக்குக்கு ஒருமுறை செய்தால், செலவு பத்துப் பேருக்கும் பங்காகிவிடும். ஒவ்வொரு முறை அனுப்பும் சரக்கிலும் ஒரு கிலோவைத் தேதி எழுதிக் கட்டி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ‘உங்கள் சரக்கு சரியில்லை’ என்ற பேச்சு எழும்போது அந்தப் பொட்டலம் பேசும்.

ஓட்டல்கள் பெரும்பாலும் கடனுக்கே வாங்கும். எத்தனை நாளில் பணம், திருப்பி அனுப்பினால் வண்டி வாடகை யாருடையது என்ற இரண்டையும் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய இடம் என்று கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுவதுதான் பின்னால் சங்கடத்தில் கொண்டுபோய் விடுகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன தக்ஷிண் இருந்த ஓட்டல் பின்னர் பெயர் மாறி, 2023 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் புகழோடு நடந்த இடத்துக்கே இந்தக் கதி. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது ஓட்டல்களும் கலியாண மண்டபங்களும் ஒரே நாளில் பூட்டிக்கொள்ள, இலை மரத்திலேயே கிழிந்தது. தர்பூசணி கொல்லையிலேயே அழுகியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் கொட்டிய மழை சுமார் 50 சென்டிமீட்டர். 2025 கோடையிலோ, தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி, வெட்டும் சமயத்தில் விலை விழுந்தது. குற்றம் செய்யாத விவசாயிகள் நஷ்டப்பட்டார்கள். எனவே விளைச்சலில் கால் பங்குக்கு மேல் ஓட்டலை நம்பி வைக்கக்கூடாது. மீதி வழக்கமான விற்பனைக்கூடத்துக்கே போகட்டும். நன்கு காய்ந்து, சொத்தை நீங்கிய காய்க்கு அங்கேயும் ஏலத்தில் தனி மதிப்பு கிடைக்கவே செய்யும்.

தொடங்குவதற்குச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்து சென்னை சுமார் 120 கிலோமீட்டர். புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர்தான். புதுச்சேரியின் நல்ல ஓட்டல்கள், ஆரோவில் வட்டாரத்து உணவகங்கள், ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்களும் கார்களும் வரிசையாக நிற்கும் பெரிய சைவ உணவகங்கள் ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. முதலில் இவற்றில் ஒன்றுக்கு ஒரு மூட்டை பருப்போ, வாரம் இரண்டு கட்டு இலையோ கொடுத்துப் பழகலாம். திருப்பி அனுப்பினாலும் அதே நாளில் கொண்டுவந்துவிட முடியும்.

இரகத் தேர்வு, விதை, பூசணத் தடுப்பு ஆகியவை பற்றித் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலும், திண்டிவனம் வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் நேரில் கேட்டு அறியலாம். போகும்போது ஒரு கிலோ காயைக் கையோடு எடுத்துச் செல்வது நலம். மேலாக அள்ளாமல், மூட்டையின் நடுவிலிருந்து எடுத்த காயாக இருக்கட்டும்.